சாவியை எவ்வளவு கொடுப்பது? ஏஐ ஏஜென்ட்டுகளும் வகாலத் சட்டமும்

'இந்தப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்' என்று ஒருவர் தன் பிரவுசரிடம் கேட்கிறார். அது சுருக்கம் தரவில்லை. அவருடைய கணக்குப் பக்கத்துக்குப் போய் மின்னஞ்சல் முகவரியை எடுக்கிறது. பிறகு அவர் ஏற்கெனவே திறந்து வைத்திருந்த ஜிமெயிலுக்குள் நுழைந்து, அங்கே வந்திருந்த ஓடிபி எண்ணைப் படிக்கிறது. இரண்டையும் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஒரு பொதுத் தளத்தில் பதிலாக எழுதிவிடுகிறது.

2025 ஆகஸ்டில் பிரேவ் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்து காட்டிய சோதனை இது. சோதிக்கப்பட்டது பெர்ப்ளெக்சிட்டி நிறுவனத்தின் 'காமெட்' பிரவுசர். அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகி அரவிந்த் ஸ்ரீனிவாஸ் சென்னையில் பிறந்தவர். 2025 ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்கு பெர்ப்ளெக்சிட்டியின் கட்டணச் சேவையை ஓராண்டுக்கு இலவசமாகத் தந்ததால், அந்தப் பெயர் நம் வீடுகளுக்கும் புதிதல்ல.

இந்தச் சோதனையில் வைரஸ் இல்லை, பாஸ்வேர்டு திருட்டும் இல்லை. ரெடிட் தளத்தில் ஒரு கருத்துரைக்குள், கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து, சில வரிக் கட்டளைகள் எழுதப்பட்டிருந்தன. பக்கத்தைப் படித்த ஏஐ அவற்றையும் படித்தது. கட்டளை தன் எஜமானர் சொன்னதா, வழியில் போகும் எவரோ எழுதிப் போட்டதா என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியவில்லை. படித்ததைச் செய்து முடித்துவிட்டது.

'ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று வங்கிகள் பல ஆண்டுகளாக நமக்குப் பாடம் நடத்தி வருகின்றன. வீட்டுப் பெரியவர்களுக்குக்கூட அது மனப்பாடம். இனி நாம் சொல்ல வேண்டியதே இல்லை, நம் இடத்தில் இருந்து வேறொன்று சொல்லிவிடும் என்ற நிலை வந்திருக்கிறது.

ஏஐ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கேள்விக்குப் பதில் சொல்லும் பெட்டி. அது தவறான பதில் சொன்னால் நாம் சரிபார்த்துக்கொள்ளலாம். இப்போது வருபவை 'ஏஜென்ட்' என்ற வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு வாயோடு கையும் கொடுக்கப்பட்டிருக்கிறது. மின்னஞ்சலைப் படிக்கும், அனுப்பும், கோப்பைத் திறக்கும், அழிக்கும், பொருளை ஆர்டர் செய்யும், பணம் செலுத்தும். இந்த ஒவ்வொரு கையையும் துறையில் 'கருவி' என்கிறார்கள். எந்த ஏஐயையும் எந்தக் கருவியோடும் எளிதாக இணைப்பதற்கான பொது முறை ஒன்றை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. எம்சிபி என்று அதற்குப் பெயர். போட்டி நிறுவனமான ஓப்பன்ஏஐ உட்பட மற்றவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். இணைப்பது எளிதாகிவிட்டது. எந்தக் கருவியை, எவ்வளவு தூரம், எத்தனை நாளுக்கு அதன் கையில் கொடுப்பது என்ற கேள்விதான் மிஞ்சியிருக்கிறது.

மென்பொருள் வல்லுநர் சைமன் வில்லிசன் 2025 ஜூனில் இதற்கு ஒரு எளிய அளவுகோலைச் சொன்னார். ஒரு ஏஜென்ட்டிடம் மூன்று விஷயங்கள் ஒன்றுசேரக் கூடாது: நம் அந்தரங்கத் தகவல்களைப் பார்க்கும் அனுமதி, வெளியார் எழுதியதைப் படிக்கும் வாய்ப்பு, வெளியே ஏதாவது அனுப்பும் வசதி. தனித்தனியாக இவற்றில் பெரிய ஆபத்து இல்லை. மூன்றும் ஒரே கையில் இருந்தால், வெளியார் எழுதிய ஒரு வரி உள்ளே போய், அந்தரங்கத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். காமெட் சோதனையில் ஜிமெயில் முதலாவது, ரெடிட் பக்கம் இரண்டாவது, அங்கே பதில் எழுதும் வசதி மூன்றாவது. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டிருந்தால் ஓடிபி வெளியே போயிருக்காது.

அளவுகோல் இருந்தாலும் அதை அமல்படுத்தும் இடம் எது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அதற்கு 2025 ஜூலையில் நடந்த ரெப்லிட் விவகாரம் சரியான உதாரணம்.

ரெப்லிட் என்பது ஏஐயை வைத்து மென்பொருள் எழுத உதவும் தளம். அதன் தலைவர் அம்ஜத் மசாத், ஜோர்தானின் அம்மானில் பிறந்த ஃபலஸ்தீன வம்சாவளியினர். காஸாவுக்காக வெளிப்படையாகக் குரல் கொடுத்துவரும் மிகச் சில தொழில்நுட்பத் தலைவர்களில் ஒருவர். அந்தத் தளத்தில் ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவர் சில நாட்களாக ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தார். 'இப்போதைக்கு எதையும் மாற்றக் கூடாது, அனுமதி இல்லாமல் தொடக் கூடாது' என்று ஏஜென்ட்டிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். அது 1,200க்கும் மேற்பட்ட நிறுவன அதிகாரிகளின் விவரங்கள் இருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டது. அதோடு, மீட்கவே முடியாது என்றும் சொன்னது. பிறகு பார்த்தால் மீட்க முடிந்தது.

இது நடக்கவே வாய்ப்பு இருந்திருக்கக் கூடாது என்று மசாத் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அடுத்து அவர் நிறுவனம் செய்ததைக் கவனியுங்கள். ஏஜென்ட்டுக்கு இன்னும் கடுமையாக எழுதி வைப்பதோடு நிற்கவில்லை. சோதனைக்கான தரவுத்தளத்தையும் உண்மையான தரவுத்தளத்தையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். ஏஜென்ட் பேசவும் திட்டமிடவும் மட்டுமே முடிகிற, எதையும் மாற்ற முடியாத ஒரு நிலையையும் கொண்டுவந்தார்கள்.

'அலமாரியைத் திறக்காதே' என்று சொல்வது ஒன்று. அலமாரியைப் பூட்டிச் சாவியை நம் இடுப்பில் வைத்துக்கொள்வது வேறு. ஏஐயிடம் எழுத்தில் சொல்லும் எந்தக் கட்டுப்பாடும் முதல் வகைதான். அது கேட்கலாம், கேட்காமலும் போகலாம். அல்லது வெளியார் எழுதிய வேறொரு வரி நம் வரியை மீறிவிடலாம். அனுமதி என்பது கருவியின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஏஜென்ட் எவ்வளவு கேட்டாலும் கருவி மறுத்துவிட வேண்டும். என் பார்வையில் இந்த விஷயத்தில் ஒருவர் புரிந்துகொள்ள வேண்டியது பெரும்பாலும் இவ்வளவுதான்.

இது நமக்குப் புதிய சிந்தனையும் இல்லை. 'ஏஜென்ட்' என்பதற்கு அரபியில் 'வகீல்'. நாம் நீதிமன்றத்தில் பார்க்கும் வக்கீலும் அதே சொல்தான். ஃபிக்ஹ் நூல்களில் வகாலத்துக்கென்று தனிப் பாடமே உண்டு. ஒருவர் இன்னொருவரைத் தன் சார்பில் வாங்கவோ விற்கவோ நியமித்தால் அந்த அனுமதி எதுவரை செல்லும், வரம்பை மீறினால் என்ன ஆகும், பொருள் தொலைந்தால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் நம் அறிஞர்கள் நூற்றாண்டுகளாக அலசியிருக்கிறார்கள்.

குகைவாசிகளின் சம்பவத்தை (18:19) வகாலத்துக்கு ஆதாரமாக அறிஞர்கள் எடுத்துக்காட்டுவதுண்டு. நீண்ட உறக்கத்திலிருந்து எழுந்த அந்த இளைஞர்கள் தங்களில் ஒருவரை நகரத்துக்கு அனுப்புகிறார்கள். அவருக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பைப் பாருங்கள். கையில் இருக்கும் இந்த வெள்ளிக்காசு மட்டும்; வாங்க வேண்டியது உணவு, அதிலும் தூய்மையானது; நடந்துகொள்ள வேண்டிய முறை நிதானம்; தங்களைப் பற்றி எவருக்கும் தெரியக் கூடாது. எவ்வளவு பணம், எந்த வேலை, எப்படி நடப்பது, எதை வெளியே சொல்லக் கூடாது என்று நான்கும் போகும் முன்பே தீர்மானமாகிவிட்டன.

வரம்பு மீறிய வகீலின் சம்பவமும் உண்டு. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனாரைக் கொடுத்து ஓர் ஆடு வாங்கிவரச் சொன்னார்கள். அவர் அந்தத் தீனாருக்கு இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டோடும் ஒரு தீனாரோடும் திரும்பி வந்தார். நபி (ஸல்) அவர்கள் அவருடைய வியாபாரத்தில் பரக்கத் வேண்டி துஆ செய்தார்கள் (புகாரி 3642). சொல்லாத விற்பனையை அவர் செய்தது செல்லுமா என்பதில் அறிஞர்களிடையே நீண்ட விவாதம் இருக்கிறது. அனுமதியின்றிச் செய்த விற்பனை உரிமையாளர் ஏற்கும்வரை நிலுவையில் நிற்கும் என்பது ஹனஃபி நிலைப்பாடு. அது செல்லாது என்பது ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்து. தமிழகத்தில் இரண்டு மத்ஹபினரும் வாழ்கிறோம்; இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்களையும் கேட்டிருப்போம். உர்வா (ரலி) திரும்பி வந்து நடந்ததை நடந்தபடி ஒப்படைத்தார் என்பது மட்டும் எல்லோருக்கும் பொது. ரெப்லிட்டின் ஏஜென்ட் இல்லாத ஆட்களின் போலி விவரங்களை உருவாக்கி நிரப்பியிருந்தது என்று லெம்கின் புகார் சொன்னதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் ஏஐ ஏஜென்ட் ஷரீஅத் சொல்லும் வகீல் ஆகாது. வகீலுக்குப் புத்தி இருக்க வேண்டும் என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு இல்லை. வகீல் நம்பிக்கைக்குரியவராகக் கருதப்படுகிறார். கவனக்குறைவோ வரம்பு மீறலோ இருந்தால் அவரிடம் இழப்பீடு கேட்கலாம், மறுமையில் அல்லாஹ்விடமும் அவர் பதில் சொல்ல வேண்டும். ஏஐயிடம் எதைக் கேட்பது? அது செய்ததெல்லாம் அதை ஏவியவர் கணக்கில்தான் வரும். உலக நீதிமன்றங்களும் இந்தத் திசையில்தான் போகின்றன. ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்த வழக்கில், சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்ற தொனியில் நிறுவனம் வாதிட்டது. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்காமல், பயணிக்கு இழப்பீடு தரச் சொன்னது.

இன்னொரு நுணுக்கம் எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. சிறுவனை வகீலாக்க முடியாது என்று சொல்லும் ஷாஃபி நூல்கள், இரண்டு விஷயங்களில் மட்டும் அவன் சொல்லை ஏற்கின்றன. வாசலில் நிற்பவரிடம் 'உள்ளே வரச் சொன்னார்கள்' என்று அழைப்பது ஒன்று. 'இதைக் கொடுக்கச் சொன்னார்கள்' என்று அன்பளிப்பைக் கொண்டுவருவது மற்றொன்று. இமாம் நவவியின் மின்ஹாஜில் இது இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் நோன்புக் கஞ்சியைக் கொண்டுவந்தால், சாட்சி கேட்காமல் வாங்கிக்கொள்கிறோம். அதே பையன் வந்து 'வீட்டுப் பத்திரத்தைத் தரச் சொன்னார்கள்' என்றால் கொடுப்போமா? ஆள் ஒன்றுதான், விஷயத்தின் கனம் வேறு. ஏஐக்கு அனுமதி கொடுப்பதிலும் இந்தப் பாகுபாடு தேவை. கட்டுரையைச் சுருக்குவது, ரயில் நேரம் பார்ப்பது, கடிதத்துக்கு வரைவு எழுதுவது எல்லாம் கஞ்சிப் பாத்திரம். அனுப்புவது, அழிப்பது, பணம் செலுத்துவது, பாஸ்வேர்டு மாற்றுவது பத்திரத்தைச் சேர்ந்தவை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றுக்கும் 'அனுமதிக்கவா?' என்று கேட்கும்படி வைத்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்போம். ஒரு நாளில் ஐம்பது முறை கேட்டால், நாற்பதாவது முறையிலிருந்து படிக்காமலேயே சம்மதம் அழுத்துவோம். மனித இயல்பு அப்படி. திரும்பப் பெற முடியாத காரியங்களுக்கு மட்டும் கேட்கட்டும். அப்போது நாம் நின்று படிப்போம்.

பணம் செலுத்துவது நாளைய கதை இல்லை. 2025 அக்டோபரில் மும்பையில் நடந்த உலகளாவிய ஃபின்டெக் மாநாட்டை ஒட்டி, என்பிசிஐ, ரேசர்பே, ஓப்பன்ஏஐ மூன்றும் சேர்ந்து, சாட்ஜிபிடி உரையாடலுக்குள்ளேயே யுபிஐ மூலம் பொருள் வாங்கும் சோதனை முயற்சியை அறிவித்தன. ஒரு குறிப்பிட்ட வணிகருக்கென்று ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கி வைத்து, அதிலிருந்து தேவைக்கேற்பக் கழிக்கும் 'ரிசர்வ் பே' என்ற யுபிஐ வசதியும் இதில் பயன்படுகிறது. ஒதுக்கிய தொகைக்கு மேல் போகாது என்பது அமைப்பிலேயே இருப்பதால், இது நல்ல வழிமுறை என்றே சொல்வேன். ஒதுக்கும் தொகையைச் சிறிதாக வைப்பது நம் கையில் இருக்கிறது.

இதற்கு முன்பே, 2024 ஆகஸ்டில், 'யுபிஐ சர்க்கிள்' வந்துவிட்டது. வங்கிக் கணக்கு இல்லாத மனைவிக்கோ கல்லூரிக்குப் போகும் மகனுக்கோ நம் கணக்கிலிருந்து செலவு செய்ய அனுமதி கொடுக்கலாம். முழு அனுமதி என்றால் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய், மாதத்துக்கு 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பு. பகுதி அனுமதி என்றால் ஒவ்வொரு தடவையும் நம் பின் எண்ணை நாமே போட வேண்டும். மகன் நல்லவன்தான், இருந்தாலும் வரம்பு அவன் வாக்குறுதியில் இல்லை, யுபிஐக்குள் இருக்கிறது. மகனுக்கே இப்படி என்றால், பக்கத்தில் யாரோ எழுதி வைத்ததைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஒரு கருவிக்கு எவ்வளவு இறுக்கம் வேண்டும்?

குடும்பத்தில் நஷ்டம் என்றால் அது நம்மோடு போகும். ஜமாஅத் அலுவலகங்கள்தான் எனக்கு அதிகக் கவலை. ரமலானில் ஜகாத்துக்கும் பித்ராவுக்கும் தயாராகும் பட்டியலை எடுத்துக்கொள்வோம். மஹல்லாவில் யார் விதவை, யார் கடனில் இருக்கிறார்கள், யார் வீட்டில் டயாலிசிஸ் நடக்கிறது என்பதெல்லாம் தொலைபேசி எண்ணோடு அதில் இருக்கும். கை நீட்டக் கூச்சப்பட்டு, ரகசியமாக இருக்கும் என்ற நம்பிக்கையில் சொன்ன விவரங்கள் அவை. இன்று அது கூகுள் ஷீட்டில் இருக்கிறது. நிக்காஹ் தஃப்தரும் படிப்படியாக அங்கே போகிறது. கடிதங்களுக்குப் பதில் எழுத வசதியாக இருக்குமே என்று, அதே கணக்கின் மின்னஞ்சலோடு ஓர் ஏஐயை இணைத்துவிட்டால், வில்லிசன் சொன்ன மூன்றும் அங்கே சேர்ந்துவிடுகின்றன. பட்டியல் அந்தரங்கம். பள்ளிவாசல் முகவரிக்கு யாரும் கடிதம் அனுப்பலாம். பதில் அனுப்பும் வசதியும் ஏஐ கையில். விஷமி ஒருவன் 'நிதியுதவி கோரிக்கை' என்ற தலைப்பில், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் நான்கு வரி எழுதி அனுப்பினால் போதும். நம் சமுதாயத்தின் விவரப் பட்டியல்களைத் தேடும் கைகள் எப்படிப்பட்டவை என்று விளக்கத் தேவையில்லை.

தீர்வு சிக்கலானது அல்ல. வரும் கடிதத்தைப் படிக்கும் ஏஐயின் கணக்கில் பட்டியல் இருக்கக் கூடாது. பட்டியலை ஒழுங்குபடுத்த ஏஐ வேண்டுமென்றால், அது மின்னஞ்சல் இணைப்பு இல்லாத தனிக் கணக்கில், பெயரும் எண்ணும் நீக்கிய பிரதியில் செய்யட்டும். பகிரும்போது 'எடிட்டர்' தேவையா, 'வியூவர்' போதுமா என்று ஒரு நிமிடம் யோசித்தால் பாதிப் பிரச்சினை குறையும். அனுப்பும் பொத்தானை மனிதர் அழுத்தட்டும்.

இதை யார் தீர்மானிப்பது என்பதும் முக்கியம். கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர் ஒருவரிடம் பொறுப்பை விட்டுவிட்டு நிர்வாகிகள் ஒதுங்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அந்தப் பிள்ளை ஆர்வத்தில் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்திருப்பான். அவன் வளைகுடாவுக்குப் போன பிறகு எது எதோடு இணைந்திருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. பைத்துல்மாலில் பணம் எடுக்க இரண்டு கையெழுத்து கேட்கும் நிர்வாகம், அதன் பட்டியலைத் திறக்கும் அனுமதியையும் கமிட்டியில் வைத்துப் பேசி மினிட் புத்தகத்தில் எழுத வேண்டும். 2025 ஜூன் 6 அன்று தொடங்கப்பட்ட உமீத் வக்ஃப் இணையதளத்தின் மீதும், அதன் பின்னால் இருக்கும் சட்டத்தின் மீதும் நமக்குக் கடுமையான விமர்சனங்கள் உண்டு. ஆனாலும் அங்கே விவரத்தைப் பதிவேற்றும் முத்தவல்லி ஒருவர், சரிபார்க்கும் வக்ஃப் வாரிய அலுவலர் ஒருவர், ஒப்புதல் தரும் அரசு அதிகாரி ஒருவர் என்று மூன்று கைகளாகப் பிரித்திருப்பதன் தர்க்கம் சரியானது. சொத்து விவரங்களை நிரப்பும் அலுப்பில், முத்தவல்லியின் லாகினை ஒரு ஏஐ பிரவுசரில் திறந்து வைத்து 'நீயே நிரப்பு' என்று விடுவது, அந்தப் பிரிவினையின் முதல் கையை யாருடையதென்றே தெரியாத கையாக மாற்றிவிடும். சர்வே எண்ணில் ஒரு இலக்கம் பிசகினால் அலையப்போவது ஜமாஅத்.

கொடுத்த அனுமதி தானாகத் திரும்பி வருவதில்லை என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும். 2025 ஆகஸ்டில் சேல்ஸ்லாஃப்ட் நிறுவனத்தின் 'டிரிஃப்ட்' என்ற ஏஐ சாட் சேவையில் நடந்தது இதுதான். பல நிறுவனங்கள் அந்தச் சேவையைத் தங்கள் வாடிக்கையாளர் பதிவேடுகளோடு இணைத்திருந்தன. இணைக்கும்போது உருவாகும் டிஜிட்டல் சாவிகளைத் திருடர்கள் கைப்பற்றி, பாஸ்வேர்டு எதுவும் இல்லாமலேயே 700க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் தகவல்களுக்குள் நுழைந்தார்கள். பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட கிளவுட்ஃபிளேர், பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் போன்றவையும் அதில் அடக்கம். ஆகஸ்ட் 20 அன்று அந்தச் சாவிகள் அனைத்தையும் ஒரேயடியாக ரத்து செய்த பிறகுதான் கதவு அடைபட்டது.

நம் கணக்குகளிலும் இப்படிப்பட்ட சாவிகள் கிடக்கின்றன. கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பகுதியைத் திறந்தால், எந்தெந்த வெளிச் செயலிகளுக்கு நாம் அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியல் வரும். என்றைக்கோ ஒரு நாள் பிஎஃடிஎஃப் மாற்றுவதற்காகவோ, பிள்ளையின் பள்ளி வேலைக்காகவோ 'கூகுள் மூலம் நுழைக' என்று அழுத்தியவை அதில் இருக்கும். ஒவ்வொன்றையும் தொட்டால் அது மின்னஞ்சலைப் படிக்கிறதா, டிரைவை மாற்றுகிறதா என்று காட்டும். பக்கத்திலேயே நீக்கும் பொத்தானும் இருக்கிறது. வீட்டிலுள்ள பெரியவர்களின் போனிலும், ஜமாஅத் அலுவலகத்தின் கணக்கிலும் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள்.